வயர்லெஸ்ஸில் சொன்ன ரிசல்ட்

ஒன்பதாம் வகுப்பில் ஒரு நாள் அறிவியல் மிஸ் உள்ளே வந்து, "ஒரு பரீட்சை வருது. அதுக்கு யாரும் படிக்கக் கூடாது" என்றார். வகுப்பே சிரித்தது. படிக்காமல் பரீட்சை எழுதுவதில் எங்களுக்கு ஏற்கெனவே நல்ல பயிற்சி உண்டு. மிஸ் சிரிக்கவில்லை. அதன் பெயர் அறிவியல் திறனறித் தேர்வு, பாடப்புத்தகத்திலிருந்து ஒரு வரிகூட வராது, உட்கார்ந்து யோசித்தால்தான் விடை கிடைக்கும் என்று விளக்கினார். முதல் பெஞ்சுக்காரி ஒருத்தி கையைத் தூக்கி, "மிஸ், யோசிக்கிறதுக்கு கைடு கடைல கிடைக்குமா?" என்று கேட்டாள். கிண்டலுக்குக் கேட்கவில்லை, நிஜமாகவே கேட்டாள். அதுவரை எங்களுக்கு எல்லாவற்றுக்கும் கைடு இருந்தது.

ராயபுரத்தில் பெண்கள் மட்டும் படிக்கும் பள்ளி அது. என் வீடு காசிமேட்டில், மீன்பிடித் துறைமுகத்துக்குப் பின்னால். அப்பா விசைப்படகு ஓட்டுபவர். எங்கள் பக்கத்தில் டிரைவர் என்றால் படகு ஓட்டுபவர்தான்; மற்றவரை லாரி டிரைவர், ஆட்டோ டிரைவர் என்று பிரித்துச் சொல்ல வேண்டும். பத்து நாள், பன்னிரண்டு நாள் கடலிலேயே தங்கி மீன் பிடித்துவிட்டு வருவார். இரண்டு நாள் வீட்டில் இருப்பார், அதில் ஒன்றரை நாள் தூங்குவார். மிச்ச அரை நாளில் அவரோடு பேச வேண்டியதையெல்லாம் நான் பேசி முடிக்க வேண்டும். பேச்சென்றால் என்ன, நான் பேசுவேன், அவர் "உம்" என்பார். என்னைக் கூப்பிட வேண்டுமானால் "ஏய்" என்பார். அன்பில்லாதவர் இல்லை, அவருக்கு வார்த்தை வராது. பேச்சில் சிக்கனம் பார்க்கிற ஆள்.

அம்மா மார்க்கெட்டில் மீன் விற்றாள். அவளுக்கு வார்த்தைப் பஞ்சம் கிடையாது.

முதல் சுற்று எங்கள் பள்ளியிலேயே நடந்தது. கறுப்புப் பந்துமுனைப் பேனாவால் வட்டங்களை நிரப்ப வேண்டும். மூன்றாவது கேள்வியோ நான்காவதோ, இன்றைக்கும் எனக்கு மனப்பாடம். இரண்டு தம்ளர், ஒன்றில் நல்ல தண்ணீர், ஒன்றில் உப்புத் தண்ணீர். இரண்டிலும் ஒரே அளவு ஐஸ் கட்டியைப் போட்டு அசைக்காமல் வைத்தால் எதில் முதலில் கரையும்? என்னைச் சுற்றியிருந்த எல்லாரும் உப்புத் தண்ணீர் என்று வட்டத்தை நிரப்பினார்கள். உப்பு போட்டால் ஐஸ் இளகும் என்று அவர்கள் படித்திருந்தார்கள். நான் பேனாவைக் கீழே வைத்துவிட்டு எங்கள் வீட்டு வாசலை நினைத்துப் பார்த்தேன். விற்காத மீனை அம்மா பிளாஸ்டிக் தொட்டியில் ஐஸ் போட்டு வைப்பாள். தொட்டியில் ஊற்றக் கடல் தண்ணீர்தான் வேண்டும் என்பாள். "நல்ல தண்ணில ஐஸு நிக்காதுமே, பூடும்" என்று சொல்லி என்னை வாளியோடு துரத்துவாள். எத்தனை வாளி தூக்கியிருப்பேன்! எரிச்சலோடு தூக்கிய அந்த வாளிகளை ஒரு கேள்வித்தாள் எப்படியோ தெரிந்துவைத்திருந்தது. நான் நல்ல தண்ணீர் என்று வட்டத்தை நிரப்பினேன். காரணம் தெரியாது, விடை தெரியும். 

அதற்கு முன்னால் யாரும் என்னிடம் அப்படி ஒரு கேள்வி கேட்டதில்லை. கேட்ட கேள்வியெல்லாம் புத்தகத்தில் இன்னொருவர் எழுதிவைத்ததைத் திருப்பிச் சொல் என்பதுதான். இந்தத் தாளில் இருந்த ஒவ்வொரு கேள்வியும், நீ என்ன பார்த்திருக்கிறாய் என்று கேட்டது. இரண்டு மணி நேரம் முடிந்ததும் தாளைப் பிடுங்கிக்கொண்டார்கள். இன்னும் கொஞ்ச நேரம் வைத்திருக்கக் கூடாதா என்று இருந்தது. ஒரு பரீட்சை முடிந்துவிட்டதே என்று வருத்தப்பட்ட ஒரே பெண் அந்தப் பள்ளியில் நானாகத்தான் இருந்திருப்பேன்.

இரண்டாம் சுற்று ஊருக்கு உள்ளே ஒரு கல்லூரியில். அம்மாவும் நானும் டோல்கேட்டில் பஸ் ஏறிப் போனோம். மற்ற பிள்ளைகள் உள்ளே இருப்பது வெளியே தெரிகிற பிளாஸ்டிக் பையும் பெரிய பெரிய தண்ணீர் பாட்டிலுமாக வந்திருந்தார்கள். அவர்களுடைய அப்பாக்கள் கடைசி நிமிடம் வரை காதில் எதையோ சொல்லிக்கொண்டிருந்தார்கள். அம்மா என்னிடம் சொன்னது ஒன்றே ஒன்று: "ஒண்ணுக்குப் போயிட்டுப் போ." நல்ல புத்திமதிதான். வேறு எதையும் யாரும் எனக்குச் சொல்லித்தந்திருக்க முடியாது.

பிப்ரவரி மாதம் பள்ளிக்குக் கடிதம் வந்தது. எங்கள் பள்ளியிலிருந்து நான் ஒருத்திதான் தேறியிருந்தேன். மே மாதம் பதினைந்து நாள், பெங்களூரில் ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் முகாம். தங்குமிடமும் சாப்பாடும் அவர்களே. கடிதத்தோடு ஒரு சம்மதப் படிவமும் இருந்தது. பெற்றோர் கையெழுத்துப் போட்டு திங்கட்கிழமைக்குள் பள்ளியில் தர வேண்டும். கொண்டுவர வேண்டிய பொருள்கள் என்று ஒரு பட்டியல்: போர்வை, சோப்பு, டார்ச் லைட், ஸ்வெட்டர். எங்கள் தெருவில் ஸ்வெட்டர் வைத்திருந்தவர்கள் கைக்குழந்தைகள் மட்டும்தான். அங்கே என்ன காட்டுவார்கள் என்று மட்டும் கடிதத்தில் ஒரு வரி கிடையாது. மிஸ்ஸைக் கேட்டேன். "எனக்கு எப்படிம்மா தெரியும்? நான் எங்க போயிருக்கேன்? நீ போய்ப் பாத்துட்டு வந்து எங்களுக்குச் சொல்லு" என்றார். அவர் குரலில் ஓர் ஏக்கம் இருந்தது. அது எனக்குள்ளும் அப்படியே ஒட்டிக்கொண்டது.

கடிதம் கைக்கு வந்தது வெள்ளிக்கிழமை. அப்பா கடலில் இருந்தார், வியாழக்கிழமைதான் கரைக்கு வருவார். அம்மாவின் கையெழுத்தே போதும் என்று மிஸ் சொல்லியனுப்பியிருந்தார். அம்மா படிவத்தை வாங்கிக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள்.

"பதினஞ்சு நாளா? வெளியூர்லயா? நான் எப்பிடிமே போட முடியும்? உங்க நைனா ஒரு வார்த்த சரின்னு சொல்லட்டும், கண்ண மூடிகினு போட்டுடறேன்" என்றாள்.

"நைனா வர்றதுக்குள்ள தேதி முடிஞ்சிடும்மா."

"அப்ப நாளிக்கி செட்டுல பேசு."

செட்டு என்றால் வயர்லெஸ். படகு ஓனரின் ஷெட்டு துறைமுகத்துக்குள் இருந்தது. அங்கே கரைச் செட்டு ஒன்று உண்டு. காலை எட்டு மணிக்கும் மாலை நாலு மணிக்கும் படகுகள் கரையோடு பேசும். ஓனரின் மச்சான்தான் செட்டில் உட்கார்ந்திருப்பார். அந்தச் செட்டுக்கு ஒரு வழக்கம் இருந்தது. அதைச் சொல்லாவிட்டால் நான் செய்த காரியம் யாருக்கும் விளங்காது.

செட்டில் நல்ல செய்தியைச் சொல்லக் கூடாது. ஒரு படகு பேசினால் சுற்றியிருக்கும் எல்லாப் படகும் கேட்கும். நல்ல மீன் என்று வாய்விட்டுச் சொன்னால், அடுத்த வலை இழுப்பதற்குள் பத்துப் படகு வந்து பக்கத்தில் நிற்கும். அதனால் மீன் அள்ளிக்கொண்டு ஏறும்போது, "ஒண்ணுமில்லபா, கலீஜுதான் ஏறுது" என்பார்கள். நிஜமாகவே ஒன்றும் இல்லாவிட்டால், "சுமாருபா" என்பார்கள். எல்லாரும் இதையே சொல்வதால் எது பொய், எது நிஜம் என்று குரலை வைத்துத்தான் பிடிக்க வேண்டும். அப்பாவின் "ஒண்ணுமில்ல"வைக் கேட்டதும் ஓனரின் மச்சான் ஒரு சிரிப்புச் சிரித்து, வருகிற மீனுக்கு ஐஸ் கட்டி கூடுதலாகச் சொல்லிவைப்பார். இந்தப் பழக்கம் வீடு வரைக்கும் வந்திருந்தது. அம்மா கூடை காலியாகி வந்தால், "வியாபாரம் ஒண்ணுமில்ல" என்பாள். நான் கணக்கில் தொண்ணூறு வாங்கினால் எதிர்வீட்டு அக்காவிடம், "ஒண்ணுமில்லக்கா, ஏதோ" என்பேன். நல்லதை மூடித்தான் பேச வேண்டும் என்று எங்கள் எல்லாருக்கும் வாய் பழகியிருந்தது.

சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு நானும் அம்மாவும் ஷெட்டில் நின்றோம். தலைக்கு எண்ணெய் வைத்து, பள்ளிக்கூடச் சீருடையே போட்டுக்கொண்டு போயிருந்தேன். ஏன் என்று கேட்டால் தெரியாது. செட்டுக்கு என்னைக் காட்டப்போகிறார்களா என்ன? ஓனரின் மச்சான் முதலில் டீசல், ஐஸ், ஆள்கள் சுகமா என்று கேட்டு முடித்தார். பிறகு, "உன் பொண்ணு வந்து கீது, பேசணுமாம்" என்று சொல்லி மைக்கை என்னிடம் கொடுத்தார். பட்டனை அமுக்கிக்கொண்டு பேச வேண்டும், விட்டால்தான் எதிராளி பேசுவது கேட்கும் என்று காட்டினார். "ஊரே கேட்டுகினு கீது, பாத்து பேசு பாப்பா" என்றார்.

பட்டனை அமுக்கினேன். ஏற்கெனவே எல்லாம் யோசித்து வைத்திருந்தேன். நான் பாஸ், பெங்களூருக்கு அனுப்புகிறார்கள், அம்மாவிடம் சரி என்று சொல்லு. இவ்வளவுதான். ஆனால் அந்த இரைச்சலும், எத்தனையோ படகுகள் காது கொடுத்துக் கேட்கின்றன என்ற நினைப்பும், அடக்க முடியாத சந்தோஷமும் சேர்ந்து தொண்டையை அடைத்துவிட்டன.

"நைனா, பரீட்ச ரிசல்ட்டு வந்துச்சு" என்றேன். பிறகு என் வாயிலிருந்து தானாக வந்தது: "ஒண்ணுமில்ல நைனா. ஒண்ணும் வரல."

அவருக்குப் புரிந்துவிடும் என்று சிரித்துக்கொண்டே பட்டனை விட்டேன். அவர் செட்டில் பேசுகிறபடிதானே நானும் பேசினேன்! சிரித்தது எனக்குத்தான் தெரியும். அவருக்குக் கேட்டது அழுகையாய் அடைத்த தொண்டை மட்டும்தான் போலிருக்கிறது.

செட்டில் கொஞ்ச நேரம் வெறும் இரைச்சல். பிறகு அப்பாவின் குரல்.

"கண்ணு" என்றது.

நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா என்னைப் பார்த்தாள்.

"அழுவாத கண்ணு. இன்னா இப்ப? ஒரு பரீட்சதானே? கடல்ல தெனமுமா மீனு ஏறுது? போட்ட வல சும்மா வந்தா மறுக்கா போடறோமில்ல? உனுக்கு மூள கீது. எனுக்குத் தெரியும். நீ எம்மாம் படிக்கிறன்னு நான் பாத்துகினுதான் கீறேன். தூங்கற மாரி கீறேனே தவிர, பாத்துகினுதான் கீறேன். அடுத்த தபா பாத்துக்கலாம். சாப்ட்டியா? நாஷ்டா சாப்டு மொதல்ல."

என் வாழ்நாளில் அவர் என்னோடு சேர்ந்தாற்போல் அவ்வளவு பேசியதே இல்லை. ஒருமுறைகூட "கண்ணு" என்று கூப்பிட்டதில்லை. எனக்கு நிஜமாகவே அழுகை வந்துவிட்டது. பட்டனை அமுக்க வேண்டும், இல்லை நைனா, நான் பாஸ் என்று சொல்ல வேண்டும். எல்லாம் தெரிந்தது. ஆனால் விரல் அசையவில்லை. இன்னும் ஒரு வார்த்தை பேசுவாரா என்றுதான் காதை வைத்துக்கொண்டிருந்தேன். அதற்குள் வேறொரு படகுக்காரர் நடுவில் புகுந்து, "வுடு பாப்பா, உங்க நைனாவே மூணாங்கிளாஸ் ஃபெயிலு" என்றார். இன்னொருவர் சிரித்தார். அடுத்து யாரோ வலை அறுந்த கதையை ஆரம்பித்தார்கள். நான் பட்டனை அமுக்கி, "நைனா, நைனா" என்று கத்தினேன். பதில் வரவில்லை. ஓனரின் மச்சான் மைக்கை வாங்கி இரண்டு முறை கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, படகு வடக்கே நகர்ந்திருக்கும் என்றார்.

"ஏன்மே அப்பிடிச் சொன்ன?" என்று அம்மா கேட்டாள்.  ஆனால் திட்டவில்லை. வீட்டுக்கு நடக்கும்போது, "அடுத்த தபா பாத்துக்கலாம்னுதானே சொன்னாரு" என்றாள். எது பற்றி அப்படிச் சொன்னார் என்று அவளுக்கு நன்றாகவே தெரியும். ஆனாலும் அந்த வார்த்தையைப் பத்திரமாக முடிந்துவைத்துக்கொண்டாள்.

அன்று மாலை நாலு மணிக்குப் போனேன். ஞாயிறு காலை போனேன். படகு எட்டவில்லை. ஞாயிறு மாலை என் முகத்தைப் பார்த்து ஓனரின் மச்சானுக்கே மனசு கேட்கவில்லை. வடக்கே போய்க்கொண்டிருந்த இன்னொரு படகைப் பிடித்து விஷயத்தைச் சொன்னார். பெண் பாஸாகிவிட்டாள், திங்கட்கிழமை கடைசி, சரி என்று ஒரு வார்த்தை சொல்லச் சொல். "பாத்தா சொல்லிடறேன்" என்று அந்தப் படகுக்காரர் சொன்னார். நல்ல செய்தியைச் செட்டில் இப்படிப் பட்டவர்த்தனமாகச் சொல்லிவிட்டாரே என்று எனக்குப் பயமாகிவிட்டது. இருட்டும் வரை ஷெட்டில் ஒரு கவிழ்த்த மீன் டப்பாவின் மேல் உட்கார்ந்திருந்தேன். எந்தெந்தப் படகோ பேசியது. அப்பாவின் குரல் வரவில்லை.

திங்கட்கிழமை படிவத்தில் கையெழுத்து இல்லை. மிஸ் என்னைத் திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. "சரிம்மா" என்று சொல்லிவிட்டுக் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

வியாழக்கிழமை அப்பா வந்தார். எனக்கென்று தனியாக எடுத்துவைத்த இரண்டு பெரிய வவ்வால் மீனோடு வந்தார். நான் கடிதத்தைக் காட்டினேன். அவர் எழுத்துக்கூட்டிப் படித்தார். படித்து முடித்தும் தலையைத் தூக்கவில்லை. "செட்டுல நீ பேசற மாரிதானே நைனா பேசினேன்" என்றேன். "உம்" என்றார். அடுத்த நாள் வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு என்னோடு பள்ளிக்கு வந்தார். மிஸ்ஸிடம், "இப்ப போட்டா ஆவுமா டீச்சர்?" என்று கேட்டார். பெயர்களை அனுப்பியாகிவிட்டது, இடம் அடுத்த பிள்ளைக்குப் போய்விட்டது என்று மிஸ் சொன்னதும், "சரிங்க" என்று சொல்லி உடனே திரும்பிவிட்டார். இன்னொரு தடவை கேட்கக் கூடாதா, கொஞ்சம் கெஞ்சக் கூடாதா, சண்டையாவது போடக் கூடாதா என்று எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. வாசலில் எனக்கு ரோஸ்மில்க் வாங்கிக்கொடுத்தார். அவர் குடிக்கவில்லை.

அந்தத் தேர்வு ஒன்பதாம் வகுப்புக்கு மட்டும். அடுத்த தபா என்று ஒன்று கிடையாது. சனிக்கிழமை மட்டும் செட்டில் கேட்டிருந்த படகுக்காரர்கள் எல்லாம் துறைமுகத்தில் என்னைப் பார்த்தால், "அடுத்த தபா பாஸாயிடுவ பாப்பா" என்று தைரியம் சொன்னார்கள். அப்பா யாரிடமும், என் பெண் பாஸ் என்று திருத்திச் சொன்னதில்லை. அதுவும் அந்தப் பழக்கம்தான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

மே மாதம் அந்தப் பதினைந்து நாளும் நான் என்ன செய்தேன் என்று ஒவ்வொரு நாளாகச் சொல்ல முடியும். மீன்பிடித் தடைக்காலம், படகெல்லாம் கரையில் வரிசையாக நின்றது, அப்பாவும் வீட்டில்தான் இருந்தார். காலையில் எழுந்ததும், இப்போது அங்கே எழுந்திருப்பார்கள் என்று நினைப்பேன். பத்து மணிக்கு, இப்போது ஏதோ காட்டிக்கொண்டிருப்பார்கள் என்று நினைப்பேன். என்ன காட்டுவார்கள் என்பதுதான் பிடிபடாது. என் பள்ளி லேபைப் பெரிதாக்கி, சுவருக்குப் புதுச் சுண்ணாம்பு அடித்து, உள்ளே வெள்ளைக் கோட்டுப் போட்டவர்களை நிற்கவைப்பேன். அதற்குமேல் கற்பனை ஓடாது. பார்க்காததை எப்படிக் கற்பனை செய்வது? என் இடத்துக்குப் போன பெண் யாரென்று தெரியாது. அவள் மேல் எனக்குப் பொறாமை இல்லை. அவளைச் சந்தித்து, உட்காரவைத்து, ஒரு நாள் முழுக்கக் கதை கேட்க வேண்டும் என்று மட்டும் இருந்தது. இன்றைக்கும் இருக்கிறது.

பிறகு பி.எஸ்சி. படித்தேன். திருவொற்றியூரில் ரத்தப் பரிசோதனை நிலையம் ஒன்றில் வேலை. மோசமில்லை. ஆனால் இத்தனை வருடமும் ஒரே ஒரு குற்றத்தைச் சுமந்துகொண்டிருந்தேன். கைக்கு வந்ததை என் வாயாலேயே கெடுத்துக்கொண்டேன். யாரும் தடுக்கவில்லை, யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை, நானேதான் ஒண்ணுமில்லை என்றேன். நல்ல விஷயம் எது நடந்தாலும், வேலை கிடைத்தபோதும் குழந்தை பிறந்தபோதும், அடித்துப் பிடித்துக்கொண்டு உடனே எல்லாருக்கும் சொல்லிவிடுவேன். பெருமை பீற்றுகிறாள் என்று சொந்தக்காரர்கள் பேசிக்கொள்வார்கள். பேசட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஒன்றை மட்டும் யாரிடமும் சொன்னதில்லை. அந்தச் சனிக்கிழமைக் குரலுக்காக நான் ஏங்கிக்கொண்டே இருந்தேன். முகாமுக்குப் போகாததைவிட அந்த ஏக்கம்தான் பெரியது என்று சில நாள் தோன்றும். அப்பா அதற்குப் பிறகு என்னைக் "கண்ணு" என்று கூப்பிட்டதில்லை. நான் பட்டம் வாங்கியபோது "உம்" என்றார். அவரிடமிருந்து அந்த வார்த்தையை வாங்க நான் தோற்க வேண்டும் போலிருக்கிறது என்று நினைத்து, ஒன்றிரண்டு தடவை சின்னச் சின்னத் தோல்விகளைப் பெரிதாக்கிச் சொல்லிப் பார்த்ததுகூட உண்டு. பலிக்கவில்லை.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. என் மகள் இப்போது ஆறாம் வகுப்பு. இப்போது ஆறாம் வகுப்பிலிருந்தே வைக்கிற அறிவியல் திறனறித் தேர்வுக்குச் சேரச் சொல்லி, அவள் பள்ளியிலிருந்து கைப்பேசிக்கு ஒரு லிங்க் அனுப்பியிருந்தார்கள். தேர்வும் ஆன்லைன்தான், படிவமும் ஆன்லைன்தான். நான் கூடத்தில் உட்கார்ந்து நிரப்பிக்கொண்டிருந்தேன். அப்பா கட்டிலில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். முழங்கால் வலியால் கடலுக்குப் போவதை விட்டு ஆறு வருடமாகிறது. அம்மா போன பிறகு எங்களோடுதான் இருக்கிறார். படிவத்தின் கடைசியில் ஒரு கட்டம்: மாணவர் தேர்வானால் வெளியூர் முகாமுக்கு அனுப்பச் சம்மதம். தட்டினேன். ஓ.டி.பி. வந்தது, போட்டேன். முடிந்தது.

"இன்னா அது?" என்றார் அப்பா. சொன்னேன்.

"அவ்ளோதானா? போட்டுட்டியா?"

"போட்டுட்டேன் நைனா."

அவர் தன் கைகளைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார்.

"அன்னிக்கி எனுக்கு சேதி வந்துச்சு" என்றார்.

"எந்த சேதி நைனா?"

"ஞாயித்துக்கெழம சாயங்காலம். அந்த போட்டுக்காரன் சொல்லிட்டான். பொண்ணு பாஸு, நாளிக்கிதான் கடேசியாம், சரின்னு ஒரு வார்த்த சொல்லுன்னான்."

எனக்கு உடனே விளங்கவில்லை. அந்தச் செய்தி கடலில் எங்கோ விழுந்துபோனது என்றுதான் இத்தனை வருடமும் நினைத்திருந்தேன்.

"அப்ப அந்த போட்டு மூலமா கரைக்கு ஏன் நீ பதில் சொல்லல?"

"மைக்க கைல எடுத்தேன். பட்டன அமுக்கல. சரின்னு சொன்னா நீ பூடுவ. வேணாம்னு சொன்னா உனுக்குக் கேக்கும். அந்தாண்ட உக்காந்துகினு இருப்பன்னு எனுக்குத் தெரியும். வேணாம்னு உன் காதுல எப்பிடிச் சொல்றது? அதான் சும்மா வுட்டுட்டேன்."

நான் கைப்பேசியைக் கீழே வைத்தேன். அவரே தொடர்ந்தார்.

"நான் போறவன். போறவனுக்கு ஒண்ணும் தெரியாது. கரைல கீறவங்களுக்குத்தான் தெரியும். நீ பதினஞ்சு நாளு போறன்னதும்தான் எனுக்கு அது இன்னான்னு தெரிஞ்சிச்சு. பயந்துட்டேன்."

"சனிக்கெழம என்னிய கண்ணுன்னு கூப்ட்டியே நைனா?"

கேட்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டேதான் கேட்டேன்.

"நீ ஒண்ணுமில்லன்னு சொன்னியா, நெசந்தான்னு நெனச்சிட்டேன். பாவமா இருந்துச்சு. சந்தோசமாவும் இருந்துச்சு. இங்கியே இருப்பன்னு."

முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. எழுந்து வெளியே போய்விடலாம் என்று தோன்றியது. இருபது வருடம் என் வாயை நானே திட்டிக்கொண்டிருக்கிறேன், இந்த மனிதர் எல்லாம் தெரிந்தே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். நான் எதைத் தேடி ஏங்கினேனோ அந்தக் குரல், நான் போகவில்லை என்ற நிம்மதியில் வந்த குரல்.  ஆனால் அந்தக் கோபத்துக்கு நடுவிலும், அந்தக் குரல் இன்னொரு முறை வராதா என்றுதான் இருந்தது. இப்படி ஒரு வெட்கம் கெட்ட மனசு எனக்கு. அழுதேன். அவர் என்னைத் தேற்றவில்லை. தேற்றுகிற தகுதி தனக்கில்லை என்று நினைத்திருப்பார். துண்டை எடுத்து என் பக்கம் நகர்த்திவைத்தார்.

ரொம்ப நேரம் கழித்து, தயங்கித் தயங்கி, இத்தனை வருடமும் கேட்க நினைத்துக் கேட்காமலே இருந்தவர்போலக் கேட்டார்.

"அங்க இன்னா காமிச்சிருப்பாங்க?"

"தெரியாது நைனா" என்றேன். "நான் போகலையே."